காய்ந்துபோன சுருட்டை மீட்பது எப்படி?

கும்பகோணம் வாசகர் ஒருவரின் கேள்வி: காலஞ்சென்ற தாத்தாவின் தகர டிரங்குப் பெட்டியில் உறையூர்ச் சுருட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. தொட்டாலே அப்பளம்போல் நொறுங்குகின்றன. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பழைய பதம் திரும்புமா?

ஈரத்துணி வேண்டவே வேண்டாம். இட்லிப் பானை ஆவியும், ஈரத்துக்காகச் சிலர் கூடவே போட்டு மூடும் ஆப்பிள் துண்டும் அதே கெடுதலைத்தான் செய்யும். காய்ந்த புகையிலை ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். உள்ளே அடைத்திருக்கும் இலை ஊதிப் பருக்கும்போது மேலே சுற்றியுள்ள மெல்லிய இலைக்கு அந்த அளவு நீளும் வலு இராது என்பதால், நெடுக வெடித்துவிடும். இரு முனையும் வெட்டி விடப்பட்ட நம் பக்கத்துச் சுருட்டுகளில் ஈரம் முனைகள் வழியாகவே முதலில் நுழைவதால், வெடிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

முதலில் எதை மீட்கலாம், எதை விட வேண்டும் என்று பிரியுங்கள். பெட்டியில் அந்துருண்டையோ கற்பூரமோ இருந்திருந்தால் அந்த நெடியைப் புகையிலை விடாது; அந்தச் சுருட்டுகளைக் கொளுத்தவே கூடாது. வெண்பொடி படிந்தவற்றை, இலையின் எண்ணெய் பூத்ததென்று சிலர் சமாதானம் சொன்னாலும், பூஞ்சணம் என்றே கொண்டு ஒதுக்கிவிடுவது நல்லது. குண்டூசி முனையளவு துளைகள் தெரிந்தால் அது புகையிலை வண்டின் வேலை. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தப் பழுப்பு வண்டின் முட்டைகள் வெப்பத்தில் பொரிப்பவை. டெல்டா வீடுகளில் அந்த வெப்பம் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் உண்டு. துளையுள்ளவற்றைத் தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றைக் காற்றுப்புகாத பையில் இட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 3 நாள்கள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, அதன்பின் பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

அடுத்தது பொறுமைதான். இறுக மூடும் உணவு டப்பா ஒன்றில் சுருட்டுகளை நெருக்காமல் அடுக்கி, முதல் ஒரு வாரம் ஈரம் எதுவும் சேர்க்காமல் மூடி வையுங்கள். பிறகு, காற்றில் ஈரம் குறைந்தால் கொடுத்து, மிகுந்தால் உறிஞ்சிக்கொள்ளும் இருவழி ஈரப்பதப் பொட்டலத்தில் 62 சதவீத வகையை வாங்கி உள்ளே வையுங்கள்; சுருட்டில் நேராகப் படக் கூடாது. மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் 65 சதவீதப் பொட்டலத்துக்கு மாறலாம். நூல்களில் 70 சதவீதம் என்று காண்பீர்கள். அது 20 டிகிரி வெப்பத்தை ஒட்டிய இடங்களுக்கான கணக்கு. 30 டிகிரிக்கு மேல் போகும் தஞ்சை, திருவாரூர் வீடுகளில் அந்த ஈரம் பூஞ்சணத்தைத்தான் வளர்க்கும் என்பதால், 65-க்கு மேல் போக நான் சொல்லமாட்டேன்.

டப்பாவுக்குள் சிறிய ஈரமானி ஒன்று வேண்டும். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளித் தண்ணீரில் கூழ்போலக் குழைத்து, ஈரமானியுடன் வேறொரு டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். காட்டும் வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

பதம் வந்ததை அறிய விரலால் அழுத்திப் பார்ப்பதைவிட எடை பார்ப்பதே நம்பகமான வழி. நகை நிறுக்கும் சிறு மின்தராசில் ஒரே சுருட்டை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடை ஏறுவது நின்று இரண்டு வாரம் அப்படியே இருந்தால் உள்ளிலை வரை ஈரம் சமன்பட்டுவிட்டது என்று பொருள். இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். நிறுக்கும் நாளிலேயே ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பி வையுங்கள்.

இவ்வளவு செய்தும், ஆவியாகிப் போன வாசனை எண்ணெய்கள் திரும்பமாட்டா. மீள்வது இலையின் நெகிழ்ச்சியும் சீராக எரியும் தன்மையும் மட்டுமே. நிகோடினும் புகையின் தீங்கும் பழமையால் குறைந்துவிடுவதில்லை என்பதால், தாத்தாவின் நினைவாகப் பாதுகாப்பதையே நான் விரும்புவேன். அதற்கும் இதே முறைதான்.

மீட்டபின் டப்பாவை மொட்டைமாடியின் கீழுள்ள பரணிலோ, அடுப்பங்கரையிலோ வைக்காமல், வெயில் படாத அறையின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை தேவையின்றித் திறக்காதீர்கள். கோடையில் பொட்டலம் விறைத்துப் போயிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்றுங்கள்.