சுவருக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறை

(31 ஆண்டுகள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய கடையில் ஸ்கேன் சென்டர் வருகிறது. எக்ஸ்ரே அறைக்கும் எங்கள் படுக்கையறைக்கும் ஒரே சுவர். மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. கேட்டால், "நகராட்சி லைசென்ஸ் எடுத்தாச்சு" என்கிறார்கள். அது போதுமா ஐயா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: போதாது தம்பி. குழித்துறை நகராட்சி கொடுப்பது தொழில் நடத்துவதற்கான உரிமம். எக்ஸ்ரே மிஷினை இயக்க அனுமதி தருவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-இல் அமைக்கப்பட்டது, நாங்கள் ஏஇஆர்பி என்போம். கூடங்குளம், கல்பாக்கம் மட்டும்தான் அவர்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்ன மிஷின்கூட அவர்கள் கணக்கில்தான் வரும். அனுமதித் தாளில் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். "செஸ்ட் ஸ்டாண்டை எந்தச் சுவரில் வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நெஞ்சுப் படம் எடுக்க ஆளை நிறுத்துகிற ஸ்டாண்ட் அது; கதிர் நேராக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வரும். நேர்க்கதிர் விழுகிற சுவர் 35 செ.மீ. செங்கல் கனம் வேண்டும். சிதறிய கதிர் மட்டும் படுகிற சுவருக்கு 23 செ.மீ., அதாவது நம் கொத்தனார்கள் சொல்லும் ஒன்பது இஞ்ச் சுவர். இரண்டும் செங்கலுக்கான அளவு. ஹாலோ பிளாக் என்றால் உள்ளே வெற்றிடம், அதே அளவை வைத்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். ஸ்டாண்ட் உங்கள் பக்கம் வருவதாக இருந்தால், மிஷினைப் பொருத்துவதற்கு முன்பே எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லலாம். அதற்கு இதுதான் நேரம்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் ஈயத் தகடு இருக்கும், கனம் அதிகம். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. எவ்வளவு தள்ளினாலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். நேர் எதிரே பெஞ்சு. கைக்குழந்தையோடு தாய்மார்கள் அதில்தான் வரிசைக்கு உட்காருவார்கள். நிர்வாகத்திடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் காலையில் வந்ததும் அந்தப் பெஞ்சை வராந்தாவின் கோடிக்கு இழுத்துப் போடுவதுதான் என் முதல் வேலை. சாயங்காலத்துக்குள் யாராவது பழைய இடத்துக்கே கொண்டுவந்து போட்டிருப்பார்கள். அனுமதி இருந்த இடம்தான் அதுவும். தாளில் எல்லாம் சரி, கீல் மட்டும் சரியில்லை. அதனால்தான் தாளோடு நிற்காமல் கதவையும் ஒருமுறை சாத்திப் பாருங்கள் என்கிறேன்.

டெக்னீஷியனின் நெஞ்சில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஎல்டி பேட்ஜ். உள்ளே மூன்று சின்ன வில்லைகள் இருக்கும். வாங்கிய கதிரை அவை சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளந்து வாங்க வேண்டும். பேட்ஜ் ஆணியில் தொங்கினால் அங்கே ஒழுங்கு இல்லை என்று அர்த்தம்.

பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) என்பது வரம்பு. சுவரும் கதவும் முறைப்படி இருந்தால் அந்த வரம்புக்குள்தான் இருக்கும். தங்கச்சி நிம்மதியாகத் தூங்கலாம். தாளைக் காட்ட மறுத்தால் வாரியத்தின் சென்னை மண்டல மையத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் கடற்கரை மணலிலேயே கதிர் இருக்கிறது. அதற்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?
– வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: மணல் தானாகக் கிடக்கும்போது யாரும் கொடுக்க முடியாதும்மா. அந்த மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற தாதுவில் தோரியம் இருக்கிறது, கதிர் அதிலிருந்து வருகிறது. ஆனால் மணலை அள்ளி மோனசைட்டைப் பிரித்தெடுத்தால், அணுசக்திச் சட்டம் வந்துவிடும். அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. நம்மைப் போலவே மணல் கொண்ட கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதற்காக எக்ஸ்ரே அறையில் அசட்டையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். எக்ஸ்ரே மிஷின் வந்தால் வாங்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: கரண்ட் இல்லாத எக்ஸ்ரே மிஷினில் கதிர் கிடையாது. ஆனாலும் விற்பவர் வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சில கருவிகளுக்குள் கதிர் வீசும் கோபால்ட் உலோகம் இருக்கும், அதன் கதை வேறு. அது கரண்ட் இல்லாமலே கதிர் விடும். 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்துவிட்ட, கோபால்ட் வைத்த பழைய காமா கதிர்க் கருவி இரும்புக் கடைக்குப் போனது. உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கையளவே இருந்து கல்லாய்க் கனக்கும் உலோக உருளையோ, கதிர் அபாயத்தைக் காட்டும் மூன்று இதழ் அடையாளமோ கண்ணில் பட்டால் வெட்டாதீர்கள், உருக்காதீர்கள். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள்.