குளிர்மழையில் ஒற்றைச் சக்கர சைக்கிள்: என்ன உடுத்துவது?

கிளாஸ்கோவின் குளிர்காலத்தில் ஒற்றைச் சக்கரத்தில் வேலைக்குப் போகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துள்ளன.

மான்செஸ்டர் வாசகர்: 4 டிகிரி, விடாத தூறல். எத்தனை அடுக்கு உடுத்தலாம்?

நீங்கள் நினைப்பதைவிட ஒன்று குறைவாக. இதில் பெடலை நிறுத்திவிட்டு உருள வழியில்லை. இறக்கத்திலும் கால் சுற்றிக்கொண்டே இருக்கும். உடல் விரைவில் சூடேறிவிடும். வேகமும் சாதாரண சைக்கிளைவிடக் குறைவு என்பதால் எதிர்க்காற்று அவ்வளவாக வெட்டாது. ஆகவே மழை பாதி நனைத்தால் வியர்வை மீதியை நனைக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். உடலோடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். பூஜ்யத்தை நெருங்கினால் மட்டும் இடையில் ஃபிளீஸ் (மெத்தென்ற கதகதப்பான மேல்சட்டை). பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் எளிதில் உலராது.

பிரிஸ்டல் வாசகர்: போன்ச்சோ (தலைவழியே மாட்டும் தொளதொள மழைப்போர்வை) போடலாமா?

கூடாது. தடுமாறினால் குதித்துக் காலூன்றுவதுதான் நமக்கு இருக்கும் ஒரே தற்காப்பு. போன்ச்சோவின் விளிம்பு பெடலைத் தாங்கும் கிராங்கில் சுற்றிக்கொண்டால் அதுவும் போயிற்று. ஷூ லேஸ் முடிச்சையும் உள்ளே செருகிவிடுங்கள்.

எடின்பரோ வாசகர்: நீர்புகாத ஜாக்கெட்தான், ஆனாலும் உள்ளே ஈரம்.

ஜாக்கெட்டின் மேல்துணிக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, வியர்வையின் நீராவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் மேல்துணி மழைநீரை உருட்டித் தள்ளாமல் ஊறிப்போனால் நீராவி வெளியேற முடியாமல் உள்ளேயே தண்ணீராகிவிடும். துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் காயவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள்.

ஆஸ்லோ வாசகர்: சவ்வெல்லாம் வீண்செலவு. கம்பளி நனைந்தாலும் சூடு தருமே?

பாதி உண்மை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது. உங்கள் ஊரின் ஈரமில்லாத பனிக்கு அது தாராளம். எங்கள் ஊர் மழை அந்த எல்லையில் நிற்பதில்லை.

மறுபடியும் ஆஸ்லோ: மீனவர்கள் கம்பளிதானே போட்டார்கள்?

மேலே எண்ணெய் ஊட்டிய துணி போட்டிருந்தார்கள், ஐயா! அதுதான் அவர்களுடைய ஜாக்கெட். காற்றும் மழையும் புகாத மேலுறை ஒன்று வேண்டும் என்று நீங்களே என் பக்கம் சாட்சி சொல்கிறீர்கள். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே கம்பளி உடுத்துங்கள், நமக்குள் சண்டையே இல்லை.

லீட்ஸ் வாசகர்: கை விறைக்கிறது.

பிடிக்க ஹேண்டில்பார் இல்லாமல் கை காற்றிலேயே நிற்கிறதல்லவா? மெல்லிய, காற்றுப் புகாத கையுறை, அதன்மேல் மணிக்கட்டுக் கவசம். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கார்டிஃப் வாசகர்: நீளமான ரெயின்கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டால்?

அவிழும். பிரிஸ்டல்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

நியூகாசில் வாசகர்: மழைக்கால்சட்டை?

உடல் எடையில் பெரும்பகுதி சீட்டில்தான் இருக்கிறது. மழைக்கால்சட்டையின் தையல் தொடையை அறுக்கும், வழுக்கவும் செய்யும். காலோடு ஒட்டிய சைக்கிள் கால்சட்டை, உள்ளே மெத்தை வைத்த ஷார்ட்ஸ். பெரும்பாலான ஒற்றைச் சக்கரங்களில் மட்கார்டு கிடையாது என்பதால் டயர் வாரி இறைக்கும் சேறு முதுகுவரை ஏறும். கருப்பு நிறம் எடுங்கள்.

அவரே: கருப்பு இருட்டில் தெரியாதே?

டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே நியாயமான கேள்வி. கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். ஏறி இறங்கும் ஒளியை ஓட்டுநர்கள் சீக்கிரம் கவனிப்பார்கள்.

டெர்பி வாசகர்: ஈரச்சாலைக்கு எந்த டயர்?

உடையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

யார்க் வாசகர்: ஷூ மறுநாளும் ஈரமாகவே இருக்கிறது.

உள்ளட்டையை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள். ஹீட்டர்மேல் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுப்போகும்.