புரோபேட் வரும் முன்னரே அப்பாவின் வீட்டை விற்கலாமா?

கேள்வி

லண்டன் ஹரோவில் இருந்த எங்கள் அப்பா சென்ற அக்டோபரில் காலமானார். அம்மா 2012இலேயே போய்விட்டார். உயிலில் எல்லாம் எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. இருவருமே எக்ஸிகியூட்டர்கள், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள். தம்பி டொரொன்டோவில் இருக்கிறான். வீட்டுக்குக் கடன் இல்லை. அப்பாவின் வங்கிக் கணக்குகளில் சுமார் 85,000 பவுண் இருக்கிறது. புரோபேட்டுக்கு, அதாவது உயிலை உறுதிசெய்யும் சட்டப் பத்திரத்துக்கு, இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதற்குள் ஒரு எஸ்டேட் ஏஜென்ட் 640,000 பவுணுக்கு ஆள் இருக்கிறது, உடனே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். மாமாவோ, வீடு சும்மா கிடக்கிறதே, நம் சொந்தக்காரக் குடும்பம் ஒன்றை வாடகைக்கு இருத்து என்கிறார். இன்னொருவர் 40 வீதம் வாரிசு வரியாகப் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். பில்களை எல்லாம் என் சம்பளத்தில்தான் கட்டி வருகிறேன். எதை முதலில் செய்வது?

பதில்

அன்புள்ள சகோதரி, அப்பாவை இழந்த துக்கம் ஆறும் முன்பே இத்தனை பேர் இத்தனை பக்கம் இழுப்பது எவ்வளவு களைப்பாக இருக்கும் என்று தெரிகிறது. ஏஜென்டையும் மாமாவையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் விஷயத்தில் பெரிய காசு விற்பனை விலையில் இல்லை. வரித் திணைக்களத்துக்கு நீங்கள் அனுப்பப்போகும் படிவங்களில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

அப்பா காலமான அன்று வீட்டின் மதிப்பு 610,000 பவுண் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சேமிப்போடு சேர்த்து 695,000. ஒருவருக்கு வரி இல்லாத வரம்பு 325,000. வீடு பிள்ளைகளுக்குப் போவதால் இன்னும் 175,000 வரை கூடும். ஆக 500,000. மிச்சம் 195,000க்கு 40 வீதம் என்றால் 78,000 பவுண். உங்களைப் பயமுறுத்தியவர் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்.

அவர் பார்க்காதது அம்மாவின் பங்கை. கணவன் மனைவியில் முதலில் இறந்தவர் பயன்படுத்தாத வரம்பு, பின்னர் இறந்தவரின் கணக்கில் சேரும். 2012இல் அம்மாவின் சொத்து முழுவதும் அப்பாவுக்கே போயிருந்தால், அம்மாவின் 325,000 அப்படியே இருக்கிறது. வீட்டுக்கான அந்தச் சலுகை 2017 ஏப்ரலில்தான் வந்தது, அம்மா அதற்கு முன்பே போய்விட்டாரே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. அதற்கு முன் இறந்தவரின் பங்கும் சேரும். மொத்த வரம்பு பத்து லட்சம் பவுண் ஆகிறது, உங்களுக்கு வரி ஒரு சதமும் இல்லை.

ஆனால் இது தானாக நடக்காது, கேட்க வேண்டும். மொத்தச் சொத்து 650,000ஐத் தாண்டுவதால் வாரிசு வரிக்கான ஐஎச்டி 400 என்ற முழுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதோடு அம்மாவின் வரம்பைக் கேட்கும் 402, வீட்டுச் சலுகைக்கான 435, அம்மாவின் வீட்டுச் சலுகைக்கான 436. வரம்பை மாற்றிக் கேட்க, அப்பா இறந்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐஎச்டி 400 படிவத்துக்கோ 12 மாதம்தான். அம்மாவின் மரணச் சான்றிதழ், உயில் இருந்தால் அதன் பிரதி, கல்யாணம் நடந்த தேதி, இடம் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். படிவம் போய்ச் சேர்ந்த பிறகு, வரித் திணைக்களம் ஒரு குறியீட்டு எண்ணோடு கடிதம் அனுப்பும். அது கைக்கு வந்த பிறகுதான் புரோபேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே வீடு எப்போது கை மாறும் என்பதைத் தீர்மானிப்பது வாங்குபவரின் அவசரம் அல்ல, இந்தப் படிவம் எப்போது போகிறது என்பதுதான்.

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் அப்பாவின் பெயரில் காணியோ வீடோ இருக்கிறதா? இங்கே நீண்டகாலம் வாழ்ந்தவருக்கு உலகம் முழுவதும் உள்ள சொத்து கணக்கில் வரும். ஊரிலுள்ளதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதற்கு 417 என்ற தனிப் படிவம் இருக்கிறது. பத்து லட்சத்துக்குள் நின்றால் வரி வராது, ஆனால் மறைத்தால் அபராதம் வரலாம். அதேபோல் அம்மா இறந்தபோது அவருடைய சீதனக் காணி உங்கள் பெயருக்கோ தம்பி பெயருக்கோ நேரே வந்திருந்தால், அந்த அளவுக்கு அம்மாவின் வரம்பு செலவாகியிருக்கும். அம்மாவின் நகைகள் அப்பாவிடம் இருந்திருந்தால் அவையும் அப்பாவின் சொத்துதான். தங்கம் விற்கிற விலையில் அது சிறிய தொகை அல்ல. எடுத்துப் பகிர்வதற்கு முன் ஒரு நகைக்கடையில் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள்.

வீட்டின் மதிப்புக்கு வருவோம். ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது. ரிக்ஸ் என்ற சர்வேயர் அமைப்பில் பதிவு பெற்ற ஒருவரிடம், அப்பா இறந்த தேதியில் சந்தையில் என்ன விலை போயிருக்கும் என்று எழுத்தில் அறிக்கை கேளுங்கள். சில நூறு பவுண் செலவாகும், அது வீண் இல்லை. வரிக்குப் பயந்து குறைத்துப் போடுபவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் அதனால் நன்மையே இல்லை, விற்கும்போது லாபத்துக்கான மூலதன ஆதாய வரிதான் கூடும். ஆதாயத்தைக் குறைக்க வேண்டுமென்று கூட்டிப் போடவும் வேண்டாம். வாரிசு வரி இல்லாத சொத்தில் அந்த மதிப்பைத் திணைக்களம் முடிவானதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னர் விற்பனைக் கணக்கைப் பார்க்கும்போது மறுபடி கேள்வி கேட்கலாம்.

சரி, விற்பனை. வீட்டைச் சந்தையில் போடலாம், ஆட்களுக்குக் காட்டலாம், விலை பேசி ஒப்பந்தத்துக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு சம்மதமும் சொல்லலாம். எக்ஸிகியூட்டரின் அதிகாரம் உயிலிலிருந்தே வருகிறது, அதனால் இதற்கெல்லாம் தடை இல்லை. ஆனால் புரோபேட் பத்திரம் கையில் இல்லாமல் விற்பனையை முடிக்க முடியாது, காணிப் பதிவகம் அதைக் கேட்கும். பத்திரம் வருமுன் ஒப்பந்தம் பரிமாறுவதை, அதாவது இரு தரப்பும் கட்டுப்படும்படி ஒப்பந்தத்தை உறுதி செய்வதை, சட்டம் தடுக்கவில்லை என்றாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். குறித்த நாளில் பத்திரம் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். ஏஜென்டிடம் புரோபேட் இன்னும் வரவில்லை என்று விளம்பரத்திலேயே போடச் சொல்லுங்கள். தன் வீட்டை விற்ற பிறகே வாங்க வேண்டும் என்ற சங்கிலியில் மாட்டாத, பொறுக்கக்கூடிய ஒருவர் வந்தால் 5,000 பவுண் குறைவாகச் சொன்னாலும் யோசிக்கலாம். முதல் ஆளே கடைசி ஆளும் அல்ல. எக்ஸிகியூட்டருக்கு நியாயமான விலை பெற வேண்டிய கடமை இருக்கிறது. ஆகவே குறைந்தது மூன்று ஏஜென்ட்களின் மதிப்பீட்டைக் கோப்பில் வையுங்கள். நாளை தம்பி கேட்டாலும் பதில் இருக்கும்.

தம்பி டொரொன்டோவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அவர் சம்மதித்தால், அதிகாரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் மட்டும் புரோபேட் எடுக்கலாம். அவருடைய உரிமை போகாது, விரும்பினால் பின்னர் சேரலாம். விற்பனைப் பத்திரங்களில் நீங்கள் ஒருவரே கையெழுத்திடலாம். அதற்கு ஈடாக அவருக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள்.

மாமாவின் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் வாடகைக்கு ஒரு குடும்பத்தை இருத்தினால் நீங்கள் வீட்டு உரிமையாளருக்குரிய எல்லாப் பொறுப்புக்கும் ஆளாவீர்கள். எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், மின்சாரச் சோதனை, வைப்புப் பணத்தைப் பதிவு செய்வது எல்லாம் இதில் அடக்கம். முன்பு இரண்டு மாத நோட்டீஸில் காரணம் சொல்லாமல் எழுப்பலாம். 2026 மே 1 முதல் அந்த வழி இங்கிலாந்தில் இல்லை. விற்பதற்காக எழுப்ப வேண்டுமென்றாலும் முதல் 12 மாதத்துக்குள் முடியாது, நான்கு மாத நோட்டீஸும் வேண்டும். குடியிருப்பவரோடு வீட்டை வாங்க வருபவர்களும் குறைவு. சொந்தக்காரர் என்பதால் சுலபமாக எழும்பிவிடுவார் என்று நம்புகிறீர்களா? எழும்பாவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது, கல்யாண வீட்டில் முகம் பார்க்கவும் முடியாது.

வீடு காலியாக இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அப்பா மட்டும் இருந்த வீடு என்பதால், புரோபேட் வரும் வரையும், வந்த பிறகு ஆறு மாதம் வரையும் கவுன்சில் வரி கிடையாது. எஃப் வகுப்பு விலக்கு என்று கவுன்சிலிடம் கேளுங்கள். அக்டோபருக்குப் பிறகு கட்டியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். யாரையாவது இருத்தினால் இந்த விலக்கும் போய்விடும்.

காலி வீட்டில் எனக்கு உண்மையில் கவலை தருவது காப்புறுதி. சாதாரண வீட்டுக் காப்புறுதிகள் பல, 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் குழாய் வெடிப்பு, திருட்டு போன்றவற்றுக்கு ஈடு தராது. அப்பா இறந்ததையே நீங்கள் அந்த நிறுவனத்துக்கு இன்னும் சொல்லவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் முதல் அழைப்பு அதுதான். அவர்கள் தொடர மறுத்தால் ஆளில்லா வீட்டுக்கான தனிக் காப்புறுதி எடுங்கள். அதில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓட வேண்டும் அல்லது தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். போய்ப் பார்த்த தேதியை எழுதி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். காணிப் பதிவகத்தின் சொத்து எச்சரிக்கைச் சேவையிலும் இலவசமாகப் பதிந்துவிடுங்கள். வேறு யாராவது அந்த வீட்டின் பதிவில் கை வைத்தால் மின்னஞ்சல் வரும்.

உங்கள் சம்பளத்தில் கட்டிய பில்கள் உங்கள் தலையில் நிற்க வேண்டியதில்லை. இறுதிச் சடங்குச் செலவு, காப்புறுதி, சர்வேயர் கட்டணம், வீட்டின் மின்சாரம் எல்லாம் அப்பாவின் சொத்திலிருந்து திரும்ப எடுக்கலாம். ரசீது மட்டும் இருக்க வேண்டும். இறுதிச் சடங்கு பில்லைக் காட்டினால் பல வங்கிகள் புரோபேட்டுக்கு முன்பே அதை அப்பாவின் கணக்கிலிருந்து நேரே கட்டும்.

இனி மூலதன ஆதாய வரி. 610,000க்கு மதிப்பிட்ட வீடு 640,000க்குப் போனால் ஆதாயம் 30,000. ஏஜென்ட், சொலிசிட்டர் செலவு 11,000 என்று வைத்தால் மிச்சம் 19,000. எக்ஸிகியூட்டராக விற்றால் 3,000 கழிவு போக 16,000க்கு 24 வீதம், அதாவது 3,840 பவுண். ஒப்பந்தம் பரிமாறும் முன் வீட்டை எழுத்து மூலம் உங்கள் இருவர் பங்காக ஒதுக்கிவிட்டு விற்றால், ஆளுக்கு 9,500. ஒவ்வொருவருக்கும் தனி 3,000 கழிவு உண்டு. உங்கள் வருமானம் அடிப்படை வரி வீதத்துக்குள் இருந்து, தம்பிக்கு இங்கே வேறு வருமானம் இல்லாவிட்டால், இருவருக்கும் 18 வீதம். ஆளுக்கு 1,170, மொத்தம் 2,340. வரியில் மிச்சமாவது 1,500 பவுண். ஆனால் தம்பி வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் அவர் தனியாக அறிக்கை கொடுக்க வேண்டும், கனடா வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். இரண்டு நாட்டிலும் கணக்காளருக்குக் கொடுக்கும் காசைக் கழித்தால் அந்த 1,500இல் அதிகம் நிற்காது. இந்த அளவு ஆதாயத்துக்கு நேராக எக்ஸிகியூட்டராக விற்பதே எனக்குச் சரியாகத் தெரிகிறது. ஆதாயம் 60,000, 70,000 என்று போனால் அப்போது இந்த வழியை எடுங்கள். எப்படியானாலும் வரி இருந்தால், விற்பனை முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையும் பணமும் போய்விட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறைய.

பணம் வந்த அன்றே பிரிக்காதீர்கள். அப்பாவுக்குப் பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி கிடைத்துக்கொண்டிருந்ததா? 85,000 சேமிப்பு இருந்ததை அவர் அறிவிக்காமல் இருந்திருந்தால், அரசு பழைய கொடுப்பனவைத் திரும்பக் கேட்டு எழுதலாம். பிரித்துக் கொடுத்த பிறகு அந்தக் கடிதம் வந்தால் எக்ஸிகியூட்டரின் சொந்தக் காசுக்கு வந்துவிடும். லண்டன் கெஸட் என்ற அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரருக்கு அறிவித்தல் போட்டு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் பொறுத்தால், நீங்கள் அறியாத கடன்காரர் பின்னால் வந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு. பென்ஷன் பிரிவு நீங்கள் அறிந்த இடம் என்பதால் இந்த அறிவித்தல் அதற்குப் போதாது, அங்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். குடும்பத்துக்கு வெளியே அப்பாவை நம்பி வாழ்ந்த யாராவது இருந்தால் புரோபேட் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருங்கள்.

அதுவரை பணத்தை எக்ஸிகியூட்டர் கணக்கு என்று தனியே திறந்து, வட்டி வரும் இடத்தில் வையுங்கள். சாதாரண வைப்புக்கு 120,000 பவுண் வரைதான் உத்தரவாதம் என்றாலும், வாரிசாக வந்த பெரிய தொகைக்கு ஆறு மாதம் வரை 14 லட்சம் பவுண் வரை காப்பு இருக்கிறது. தம்பியின் பங்கை அனுப்புவதற்கு முன் வரவு செலவு முழுவதையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.