ஆர்பிசி கேள்வி-பதில்: டைம்அவுட், இரட்டைப் பணம், மாறிப்போன ஐடி

ஆர்பிசி என்றால் வேறு மெஷினில் ஓடும் புரோகிராமைக் கூப்பிடும் முறை. ஜிஆர்பிசி, ஜாவா ஆர்எம்ஐ, எக்ஸ்எம்எல்-ஆர்பிசி எல்லாம் அந்த வகைதான்.

ஜாவா ஆர்எம்ஐ-யில் எழுதிய பழைய சர்வர் இருக்கிறது. பைத்தானிலிருந்து கூப்பிட முடியுமா சார்?

நேரடியாக முடியாது. ஆர்எம்ஐ ஜாவாவும் ஜாவாவும் பேசிக்கொள்வதற்கானது. ஜாவா ஆப்ஜெக்டையே சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, அனுப்புகிறது. பழைய கோடைத் தொடாமல், அதன் முன்னால் சின்னதாக ஒரு ஜிஆர்பிசி அல்லது எச்டிடிபி சேவையை ஜாவாவிலேயே எழுதி வையுங்கள். பைத்தான் அதைக் கூப்பிடட்டும், டெட்லைனோடு, அதாவது இத்தனை நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்போடு.

ஜிஆர்பிசி கனெக்ட் ஆகவில்லை, எரர் வருகிறது. அவசரம், உடனே உதவவும்.

என்ன எரர்? எந்த மொழி, எந்த வெர்ஷன்? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் நான் எதைப் பார்ப்பது? ஸ்டேட்டஸ் கோடையாவது எழுதுங்கள். 14 என்றால் பெரும்பாலும் முகவரி, போர்ட், டிஎல்எஸ், நடுவில் இருக்கும் பிராக்ஸி. 12 என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், அந்த மெத்தட் அங்கே இல்லை. புரோட்டோ ஃபைலில் (மெத்தட்களையும் ஃபீல்டுகளையும் வரையறுக்கும் ஃபைல்) பேக்கேஜ் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

சர்வர் கோ மொழியில், வாடிக்கையாளர் ஐடி 64 பிட் எண். ஜேசனாக அனுப்பினால் பிரௌசரில் கடைசி இலக்கம் மாறுகிறது.

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும், சுமார் 16 இலக்கம். 9007199254740993 என்று அனுப்பிப் பாருங்கள், 9007199254740992 என்று வந்து நிற்கும். எரர் எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. ஐடியை ஸ்டிரிங்காக அனுப்புங்கள். ஜிஆர்பிசி வழக்கமாகப் பயன்படுத்தும் டேட்டா வடிவமான புரோட்டோபஃப் தன் ஜேசன் வடிவத்தில் 64 பிட் எண்களை ஸ்டிரிங்காகவே எழுதுகிறது. ஐடியை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்யப் போகிறீர்களா என்ன?

ஆர்டர் சேவை பைத்தான், பேமென்ட் சேவை ஜாவா. ஜிஆர்பிசி கால் (call) 3 விநாடியில் டைம்அவுட் ஆனால் மறுபடி கூப்பிடுகிறோம். சிலருக்கு இரண்டு தடவை பணம் போய்விடுகிறது. இது ஜிஆர்பிசி கோளாறா?

இல்லை. கோளாறு உங்கள் ரீட்ரையில் இருக்கிறது. இந்த வகைக் கடிதம் வராத மாதமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேறு மெஷினில் ஓடும் புரோகிராமைக் கூப்பிடுவது சொந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது போலவே தெரியும்படிதான் ஆர்பிசி கருவிகளைச் செய்திருக்கிறார்கள். பலர் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். சொந்த ஃபங்ஷன் என்றால் பதில் வரும், இல்லை எக்ஸெப்ஷன் வரும். ஆர்பிசியில் மூன்றாவது ஒன்று உண்டு: என்ன நடந்தது என்றே தெரியாது. ரிக்வெஸ்ட் போகவே இல்லையா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, கிளையன்டுக்குத் தெரிய வழியில்லை. டெட்லைன் தாண்டியது என்று வரும் கோட் 4-க்கு 'வேலை நடக்கவில்லை' என்று பொருள் கிடையாது. கிளையன்ட் கைவிட்ட பிறகும், சர்வர் கோட் தானாகக் கவனித்து நிறுத்தாவிட்டால், அது பாட்டுக்கு ஓடிப் பணத்தைக் கழித்துவிடும்.

இதற்கு வழி: முதல் தடவை கூப்பிடும் முன்பே ஆர்டர் சேவை ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத தனி அடையாள எண்) உருவாக்கி ஆர்டரோடு சேமிக்க வேண்டும். ஒவ்வொரு ரீட்ரையிலும் அதே ஐடிதான் போக வேண்டும். ரீட்ரை லூப்புக்குள்ளேயே புது ஐடி போடும் கோடை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பயனும் இல்லை. பேமென்ட் பக்கம் அந்த ஐடிக்கு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே ஐடி இரண்டாம் முறை நுழையத் தடை) போட்ட டேபிள் வேண்டும். பணம் கழிக்கும் அதே டிரான்ஸாக்ஷனில் அந்த வரியும் இன்சர்ட் ஆக வேண்டும். இரண்டாம் முறை அதே ஐடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுங்கள். பணத்தை வெளி கேட்வே எடுக்கிறது என்றால் உங்கள் டிரான்ஸாக்ஷன் அங்கே செல்லாது. அவர்களுக்கும் இதே ஐடியை அனுப்புங்கள்.

நீங்கள் டெட்லைன் வைத்ததே நல்ல விஷயம். ஜிஆர்பிசி தானாக டெட்லைன் வைக்காது, போடாவிட்டால் கால் காத்துக்கொண்டே கிடக்கும். ஜாவா கிளையன்ட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 3 விநாடி டெட்லைன் போட்ட ஸ்டப்பை (சர்வரைக் கூப்பிடும் கிளையன்ட் ஆப்ஜெக்ட்) ஃபீல்டில் சேமித்து வைக்காதீர்கள். அந்த நேரம் ஸ்டப்பை உருவாக்கிய கணத்திலிருந்தே ஓடத் தொடங்கும். 3 விநாடி கழித்து எல்லா காலும் உடனே தோற்கும். ஒவ்வொரு காலுக்கும் புதிதாகப் போடுங்கள்.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி இன்னும் பயன்படுத்தலாமா?

1998-இல் வந்தது. ஆபீஸுக்குள் சின்ன வேலைக்கு இன்றும் ஓடும். பைத்தானில் கூடவே வருகிறது. பிஎச்பி 8-இல் உடன் வராது, தனியாக நிறுவ வேண்டும். முழு எண் 32 பிட்தான், மதிப்பே இல்லை என்று குறிக்கும் நல் (null) மூல வரையறையில் இல்லை. வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். டெட்லைன் இதற்கும்தான்.

50 எம்பி ஃபைலை ஜிஆர்பிசியில் அனுப்பினால் தோற்கிறது.

வாங்கும் பக்கம் ஒரு மெசேஜுக்கு 4 எம்பி-தான் இயல்பான உச்சவரம்பு. வரம்பை உயர்த்தாதீர்கள், ஸ்ட்ரீமாகத் துண்டு துண்டாக அனுப்புங்கள்.

புரோட்டோ ஃபைலில் வேண்டாத ஃபீல்டை நீக்கிவிட்டு, அதே எண் 4-ஐ புது ஃபீல்டுக்குக் கொடுத்தோம். பழைய மொபைல் ஆப்பில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஊர் வருகிறது.

வரத்தான் செய்யும். நெட்வொர்க்கில் ஃபீல்டின் பெயர் போவதில்லை, எண்தான் போகிறது. பழைய ஆப்புக்கு 4 என்றால் இன்னும் பெயர்தான். நீக்கிய எண்ணை ரிசர்வ்டு என்று குறித்துவிடுங்கள், அப்புறம் யாராவது மறந்துபோய் எடுத்தாலும் கம்பைலர் தடுக்கும். இப்போதைக்கு ஊருக்கு இதுவரை பயன்படாத எண் ஒன்றைக் கொடுத்து சர்வரை முதலில் மாற்றுங்கள். 4-இல் ஊரை எதிர்பார்க்கும் ஆப்பை ஏற்கெனவே வெளியிட்டிருந்தால், அதற்கும் அப்டேட் அனுப்பியாக வேண்டும்.