6 × 1000 மீட்டரை 3:20ல் முடித்தால் 10,000 மீட்டரை 34 நிமிடத்துக்குள் ஓடிவிடலாமா?

கேள்வி: என் தங்கை கடலூரில் பயிற்சி எடுக்கிறாள். 1000 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 3:20க்குள் முடிக்கிறாள். அடுத்த மாதம் 10,000 மீட்டர் போட்டி. 34 நிமிடத்துக்குள் வருவாளா?

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: நடுவில் எவ்வளவு ஓய்வு? பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

34 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 3:24, லேப்புக்கு (400 மீட்டர் சுற்று) 81.6 நொடி. மூன்று நிமிடம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த 3:20 ஓடினால், அது 5000 மீட்டரில் 16:40 வாக்கில் ஓடத் தயார் என்பதைத்தான் காட்டும். 16:40 ஓடுகிறவருக்கு 10,000 மீட்டர் பொதுவாக 34:45 பக்கம் வரும். தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதோடு நிற்காது. உலக சாதனைகளிலேயே இதைப் பார்க்கலாம். பெண்களில் கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 10,000 மீட்டரில் 28:54.14 (2024), 5000 மீட்டரில் 13:58.06 (2025). 5000 மீட்டர் நேரத்தை இரட்டித்தாலும் அதற்கு மேல் 58 நொடி ஆகிறது. அவருக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்கு இன்னும் கூடும். அதே ஆறு 1000 மீட்டரை நிற்காமல், 60 முதல் 75 நொடி மெதுவோட்டத்தை மட்டும் ஓய்வாக வைத்து 3:22ல் முடித்தால், அந்த 3:22க்கு நின்று ஓடிய 3:20ஐ விட மதிப்பு அதிகம்.

10,000 மீட்டருக்கு நான் நம்பும் சோதனை 5 × 2000 மீட்டர். ஒவ்வொன்றும் 6:48, நடுவில் 90 நொடி மெதுவோட்டம். போட்டிக்கு 12 முதல் 14 நாள் முன்பு, அதற்கு முந்தைய இரண்டு நாளும் லேசான ஓட்டம் மட்டும். இதில் மொத்த நேரத்தை மட்டும் குறித்தால் ஏமாந்துபோவோம். கடைசி 2000ன் லேப்புகள் 81, 81, 83, 84, 79 என்று வந்தாலும் கூட்டினால் 6:48தான். 82, 82, 81, 82, 81 என்று வந்தாலும் 6:48தான். முதலாவதில் மூன்றாம் லேப்பிலேயே ஆள் தளர்ந்துவிட்டார். கடைசி லேப்பை விரட்டி ஓடிக் கணக்கை நேர் செய்திருக்கிறார். போட்டியில் அந்தத் தளர்ச்சி 16ஆம் லேப் வாக்கில் வரும், விரட்டுவதற்கு அப்போதும் ஒன்பது லேப் மீதி இருக்கும். ஆகவே ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு லேப்பையும் அழுத்துங்கள். மூன்றாம், நான்காம் லேப்பில் தங்கையைப் பாருங்கள்: தோள் காதை நோக்கி ஏறுகிறதா, கை விரல் இறுகுகிறதா, காலடிச் சத்தம் கனக்கிறதா? நேரம் கெடுவதற்கு முன்பே உடம்பு இதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு 90 நொடி முடிவிலும் இதயத்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓய்வில் 130க்கு இறங்கியது நான்காவதில் 150லேயே நின்றால், அந்த வேகம் இன்னும் அவருக்குச் சொந்தமாகவில்லை.

அளவிலும் பிசகு வரும். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் உள்பாதையை அடைத்துக்கொண்டு மூன்றாம் பாதையில் ஓட நேர்ந்தால், ஐந்து லேப்பில் 70 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுவார். சுமார் 15 நொடி போய்விடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஓடுவதானால் காலை ஏழரைக்குள் வண்டிகள் இருக்காது, நல்ல இடம். ஆனால் அது தெற்கு வடக்காகக் கிடக்கிறது. தென்றல் அடிக்கும் நாளில் வடக்கே போகும்போது வரும் நேரம் காற்றின் உபயம். போவதும் வருவதும் சம தூரமாக இருந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

புழுக்கமும் உண்டு. சூரியன் வருவதற்கு முன்பே சட்டை நனையும் நாளில் 6:48க்குப் பதில் 6:55 வந்தால் நான் கவலைப்பட மாட்டேன், லேப்புகள் சீராக இருக்கும்வரை. அதே நாளில் 6:48தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பயிற்சியிலேயே போட்டியை ஓடி முடித்ததாகிவிடும்.

பெண்களுக்கான குறிப்பேட்டில் மாதவிடாய்த் தேதியும் இருக்க வேண்டும். கருமுட்டை வெளிவந்த பிறகான இரண்டு வாரத்தில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும். அதே வேகத்துக்குத் துடிப்பு சற்று ஏறினால் தகுதி குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் மூன்று மாதம் மாதவிடாய் வரவே இல்லையென்றால் எடை குறைந்ததைக் கொண்டாடாமல் மருத்துவரிடம் போங்கள். சாப்பாடு போதவில்லை, எலும்பு அடிபடும். இரண்டு மூன்று வாரமாக எல்லா ஓட்டமும் காரணமில்லாமல் கனத்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பது ஓடும் பெண்களிடம் சகஜம்.

மாரத்தானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 2015ல் பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப் மாரத்தானில் இந்தியாவின் ஓ.பி. ஜெய்ஷா 2:34:43 ஓடினார், கிலோமீட்டருக்கு 3:40. அந்த வேகம் 10 கி.மீ.க்குப் பெரிதாகத் தெரியாது. 30 கி.மீ.க்குப் பிறகு தசையில் மாவுச்சத்து மிஞ்சுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. 800 மீட்டரைப் பத்து முறை ஓடி மாரத்தான் நேரம் சொல்லும் பழக்கம் பலரையும் ஏமாற்றுவது அதனால்தான். 32 கி.மீ. ஓடி, அதில் கடைசி 15 கி.மீ.யைப் போட்டி வேகத்தில் ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் தங்கைக்கு வருவோம். 5 × 2000ல் நான்காவது 6:54க்கு மேல் போய், வெயிலோ காற்றோ காரணமில்லை என்றால், ஐந்தாவதை ஓட விடாதீர்கள். போட்டியில் 34:30க்குத் திட்டமிடுங்கள், லேப்புக்கு 83 நொடி. ஐந்தும் சீராக 6:48ல் வந்தால் முதல் ஐந்து லேப்பை 82ல் வைத்து ஓடச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் 78ல் கிளம்பினாலும் சரி.