பிளேன்டீக்கு எந்தப் பக்கம் வெளிச்சம்?

கேள்வி: எங்கள் கடைத் தேயிலைப் பக்கற்றுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் லேபல் வரைகிறேன். பின்னால் மூன்று மலை, முன்னால் கிளாஸில் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்). எல்லாவற்றுக்கும் கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறுவது) போட்டும் மலைகள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கின்றன. பிளேன்டீயிலும் உயிர் இல்லை. வலைபோல எல்லாத் திசையிலும் நிறம் கலக்கும் மெஷ் கிரேடியன்ட் பழகினால் சரிவருமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: மெஷ் இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் கிரேடியன்டுக்குக் குறைவில்லை, கறுப்புதான் அதிகம். பச்சையும் கறுப்பில் முடிகிறது, சிவப்பும் கறுப்பில் முடிகிறது. நிழலுக்குக் கறுப்பு என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

பிளேன்டீக்குப் பந்துக்குப் போடும் நிழல் சரிப்படாது. ஒரு கிளாஸ் ஊற்றி ஜன்னலோரம் வைத்து, குடிக்குமுன் நன்றாகப் பாருங்கள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் அது தேயிலைச் சாயத்துக்குள் புகுந்து வலப்பக்கத்தில்தான் செம்பு நிறமாக ஒளிரும். வெளிச்சம் வருகிற பக்கம் இருண்டிருக்கும். நீங்கள் போட்டிருப்பது நேர்மாறாக.

'ஜி' விசையை அழுத்தி, இடமிருந்து வலமாக நேர்கோட்டுக் கிரேடியன்ட் ஒன்று இழுங்கள். அந்தக் கோட்டின்மேல் டபுள் கிளிக் செய்தால் இடையில் புது நிறப்புள்ளி வரும். இடது ஓரம் கருஞ்சிவப்பு, நடுவில் சிவப்பு, வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் நல்ல ஆரஞ்சு, ஓரத்தில் மறுபடியும் கொஞ்சம் இருட்டு. அந்தக் கடைசி இருட்டை விட்டுவிட்டால் கிளாஸ் தட்டையாகிவிடும். மேலே, சாயம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் மெல்லிய பொன்னிற வளையம் ஒன்று. கண்ணாடியின் பளபளப்புக்கு மட்டும் கிரேடியன்ட் போடாதீர்கள். கூரான வெள்ளைக் கீற்று ஒன்று போதும். அதையும் மங்கலாக்கிக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் மலை. உங்கள் ஊருக்கருகில் சென்கிளேயர் பக்கம் காலையில் நின்று பார்த்தால் தெரியும், மூடுபனி பள்ளத்தில்தான் கிடக்கும். உச்சி தெளிவாக இருக்கும், அடிவாரம் கரைந்துபோயிருக்கும். அதனால் ஒவ்வொரு மலைக்கும் மேலிருந்து கீழே இழுத்து, கீழ்முனையை முழுசாக ஒளிபுக விடுங்கள். தூரத்து மலைக்கு நீலம் கலந்த வெளிர் பச்சை. ஒன்று கவனம்: ஒளிபுகும் முனையும் அதே பச்சையாகவே இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப் தானாக அப்படித்தான் தரும். அதைக் கறுப்பாக மாற்றினால் இடையில் அழுக்குச் சாம்பல் பட்டை விழும்.

மெஷ் 2017இல், 0.92 பதிப்பில் வந்தது. முகம், சேலை மடிப்புக்கெல்லாம் அருமை. ஆனால் இங்க்ஸ்கேப் கோப்புகளின் வடிவமான எஸ்விஜியின் 1.1 தரத்தில் இருப்பது நேர்கோட்டு, வட்டக் கிரேடியன்ட்கள் மட்டுமே. மெஷ் போட்ட கோப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்தால் என்னவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. பிஎன்ஜி படமாக ஆக்கிக் கொடுப்பதே பத்திரம்.

கேள்வி: கோயில் திருவிழா பேனரில் வானம் பட்டை பட்டையாக அச்சாகிவிட்டது. ஏன்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: சாதாரணக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். உங்கள் இரண்டு நீலத்துக்கும் இடையில் 20 படிதான் வித்தியாசம் என்றால், 180 சென்டிமீட்டர் பேனரில் ஒரு படி 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளும். கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டு நீலத்தையும் இன்னும் தள்ளிப் பிரியுங்கள். அது பிடிக்காவிட்டால் பிஎன்ஜி ஆக்கி, கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்து, வானத்துக்கு மட்டும் லேசாக நொய்ஸ், அதாவது பட்டைகளின் ஓரத்தை மறைக்கும் சிறு புள்ளிகள், சேருங்கள். அச்சகத்தில் “படம் புள்ளி புள்ளியாக இருக்கு” என்று துடைக்கப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே போட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.