ஆபரேட்டர் தடுமாறுவது ஐகானாலா?

கேள்வி: எங்கள் பேக்கிங் மெஷினில் 10 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. வெப்பம், வேகம், பை நீளம் என 60-க்கும் மேற்பட்ட செட்டிங்குகள். ஆபரேட்டர்கள் தடுமாறுகிறார்கள். ஐகான்களை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஐகானை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மெனு ஹீட்டர், மோட்டார், சென்சார் என்றுதானே பிரிந்திருக்கிறது? அது மெஷினை வடிவமைத்தவரின் மனப்படம். ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டியது வேறு: ஏன் நின்றது, அடுத்த சரக்குக்கு எப்படி மாற்றுவது.

ஒரு ஷிஃப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நில்லுங்கள். எதையும் சொல்லித் தராதீர்கள். எந்தெந்த செட்டிங்கைத் தொடுகிறார் என்று மட்டும் குறியுங்கள். பெரும்பாலும் ஏழெட்டைத் தாண்டாது. அவை முதல் திரைக்கு. மற்றவை பராமரிப்புத் திரைக்கு, கடவுச்சொல்லோடு. மெஷின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டுகளையும் மார்க்கர் கிறுக்கல்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரை சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கட்டளையையும் நிலவரத்தையும் குழப்பாதீர்கள். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கு காட்டியதோ, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும். அணைந்த விளக்கைப் பார்த்து வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது. உங்கள் திரையில் ‘ஹீட்டர் ஆன்’ என்று இருந்தால் அதுவும் அதே விளக்குதான். ‘வைத்தது 150°, இப்போது 112°’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

பிழைச் செய்தியும் அப்படித்தான். ‘E-47’ என்றால் அவர் கையேட்டைத் தேட வேண்டும். ‘சீலிங் ஜா (பையைச் சூட்டில் ஒட்டும் தாடை) சூடாகவில்லை, ஹீட்டர் வயரைப் பாருங்கள்’ என்றால் கை நேரே வேலைக்குப் போகும். திரையில் சிவப்பைப் பழுதுக்கு மட்டும் வையுங்கள். அவசர நிறுத்தத்தைத் திரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பட்டன் தனியாகக் கட்டாயம் வேண்டும்.

புரோகிராம் எழுதும் முன் திரைகளைத் தாளில் வரைந்து ஆபரேட்டரிடம் நீட்டி, “பை நீளத்தை மாத்துங்க” என்று சொல்லுங்கள். விரல் முதலில் எங்கே போகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஐகான்? இருப்பதே போதும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல் எழுதிவிடுங்கள்.